ஓர் ஆழாக்கு நீர்

சுந்தரபாண்டியத்திலும் வத்திராயிருப்பிலும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும், ஆஸ்பத்திரியில் கிடக்கும் உறவினரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள், "நெஞ்சுல நீர் கோத்துக்கிருச்சாம்" என்று ஒரே வாசகத்தில் செய்தியை முடித்துவிடுவதும், கேட்பவர்கள் அதற்கு மேல் ஒன்றும் விசாரியாமல் தலையை அசைத்துக்கொண்டு அகல்வதும் வழக்கம். ஆனால் அந்த ஒரு வாசகத்துக்குள் தன்மையிலும் சிகிச்சையிலும் வேறுபட்ட மூன்று அவஸ்தைகள் அடங்கியிருக்கின்றன. நுரையீரலைச் சூழ்ந்த சவ்வுக்குள் நீர் சேர்வது ஒன்று. இருதயம் சோர்வுற்றதனால் நுரையீரலின் உள்ளேயே நீர் ஊறிப்போவது மற்றொன்று. இருதயத்தைப் போர்த்தியிருக்கும் உறைக்குள் நீர் தேங்கி, அந்த இருதயத்தையே அழுத்தத் தொடங்குவது மூன்றாவது. முதலாவதில் முதுகுப்புறமாக ஊசி வைத்து நீரை எடுப்பார்கள். இரண்டாவதில் நீர் பிரியும் மாத்திரை கொடுத்து வடியவிடுவார்கள். மூன்றாவதில் அதே மாத்திரையை அவசரப்பட்டுக் கொடுத்தால், எழுந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த மனிதர் சற்று நேரத்தில் மயங்கிச் சாய்ந்துவிடக்கூடும். மூன்றும் ஒரே பெயரால் வழங்கப்படுவதனால் மூன்றாவதற்கு நேரும் அநியாயத்தைக் கருதியே இக்கட்டுரையை எழுத முற்பட்டேன்.

இருதய உறை இரு மடிப்புகளாலானது. உள்மடிப்பு இருதயத்தின் மேல் தோல்போல் ஒட்டிக்கிடக்கிறது. வெளிமடிப்பு உறுதியான நார்களால் ஆகி, எளிதில் நெகிழாத கவசம் போல் நிற்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே ஆரோக்கியமான சரீரத்திலும் 15 முதல் 50 மில்லிலிட்டர் வரை நீர் இருப்பது இயற்கையே. குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கில் இரண்டு மூன்று சங்கு என்று சொன்னால் அளவு விளங்கும். ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும் அவயவம் தன் உறையோடு உராய்ந்து புண்ணாகாதபடி காப்பது அந்த நீர்தான். அது ஒருபுறம் சுரந்துகொண்டும் மறுபுறம் நிணநீர்க் குழாய்களின் வழியே வடிந்துகொண்டும் இருக்கிறது. அழற்சியால் சுரப்பு மிகுந்தாலும், ஏதேனும் ஒரு கட்டியோ புற்றோ வடிகாலை அடைத்துக்கொண்டாலும், உறைக்குள் தேக்கம் ஏற்படுகிறது.

இங்கேதான் சாதாரண அறிவுக்கு ஒவ்வாத ஒரு விசித்திரத்தைக் காண்கிறோம். நம் பாட்டிமார் அரிசி அளந்த ஆழாக்கு இன்றைய கணக்கில் ஏறத்தாழ 168 மில்லிலிட்டர். படி என்பது அதன் எட்டு மடங்கு, அதாவது ஒன்றே கால் லிட்டருக்குச் சற்று அதிகம். கத்திக்குத்தினாலோ, இருதயத்துக்குள் கம்பி செலுத்திச் செய்யும் சிகிச்சையில் நேர்ந்த சிறு துளையினாலோ ஓர் ஆழாக்கு இரத்தம் சில நிமிஷங்களில் உறைக்குள் பாய்ந்தால் உயிர் போய்விடலாம். அதே உறையில் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் சிறிது சிறிதாக ஒரு படி நீர் சேர்ந்த பின்னும், "மாடி ஏறினால் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டு ஒருவர் தம் கால்களாலேயே நடந்து வைத்தியசாலைக்கு வந்துவிடுகிறார். காரணம் வெளிமடிப்பின் சுபாவம். திடீரென்று இழுத்தால் அது கொஞ்சமும் விட்டுக்கொடாது. நாளாக நாளாக அழுத்தினால் புதுத் தோற்பை போல மெல்ல நெகிழ்ந்து இடங்கொடுக்கும். இடங்கொடுக்க இயலாத நிலை வந்ததும், உள்ளிருக்கும் நீரின் அழுத்தம் இருதயத்தின் வலப்பக்கத்து மெல்லிய அறைகளைக் குழியச் செய்கிறது. சுருங்கும் வலிமை குன்றாதிருந்தும், விரிந்து இரத்தத்தை வாங்கிக்கொள்ள இயலாமையால் இருதயம் வெறுங்கையோடு வேலை செய்கிறது. இந்த நிலையை 1669ஆம் ஆண்டிலேயே ரிச்சர்ட் லோயர் என்ற ஆங்கில வைத்தியர் தம் இருதய நூலில் விவரித்திருப்பது, அக்காலத்தில் சவப் பரிசோதனையையும் கூர்த்த மதியையும் தவிர வேறு கருவி இல்லை என்பதை எண்ணும்போது, வியப்பளிக்கிறது.

ஆகவே வைத்தியர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் இரண்டு: இந்த நீர் இப்பொழுதே இருதயத்தை நெரிக்கின்றதா என்பது முதல் வினா, இது எங்கிருந்து வந்தது என்பது இரண்டாவது வினா. முதலாவதற்கு விடை "ஆம்" என்றால் இரண்டாவது காத்திருக்கலாம். "இல்லை" என்றால் இரண்டாவதே பிரதானம். நீர் இங்கே நோயன்று, வேறொரு நோயின் சாட்சி; சாட்சியை வெளியேற்றிவிட்டால் வழக்கு முடிந்துவிட்டது என்று கருதுகிறவர்கள் சில மாதங்களில் அதே நோயாளியை மறுபடியும் சந்திக்க நேர்கிறது.

எங்கிருந்து வருகிறது என்ற வினாவுக்கு மேல்நாட்டுப் பாடப்புத்தகங்கள் தரும் பட்டியலை அதன் வரிசை மாறாமல் நாம் எடுத்துக்கொள்வது பிழை. அந்நாடுகளில் வைரஸ் அழற்சியும், காரணம் புலப்படாதவையும், புற்றும், இருதய சிகிச்சைகளின் பின்விளைவும் முன்வரிசையில் நிற்கின்றன. நம் தேசத்தில் பெருமளவு நீர் தேங்கிய ஒருவரைக் கண்டால், மறுப்பதற்குத் தக்க ஆதாரம் கிடைக்கும்வரை க்ஷயரோகம் என்றே சந்தேகிப்பதுதான் அனுபவம் கற்பித்த முறை. மக்கள் க்ஷயம் என்றவுடன் இருமலையும் இரத்தம் கலந்த சளியையும் நினைத்துக்கொள்கிறார்கள். இருதய உறையைத் தாக்கும் க்ஷயமோ பெரும்பாலும் சத்தமில்லாமல் வருகிறது. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியுமிடத்தை அடுத்துள்ள நிணநீர்க் கணுக்களில் தங்கியிருக்கும் கிருமி, அங்கிருந்து பக்கத்திலிருக்கும் உறைக்குள் கசிந்துவிடுகிறது. நுரையீரல் சுத்தமாகவே இருக்கலாம். சளிப் பரீட்சையில் ஒன்றும் தென்படாமற் போகலாம். உறைக்குள் புகுந்த கிருமிகளின் தொகையும் சொற்பமே. அவற்றின் புரதங்களைக் கண்டு சரீரம் கொள்ளும் ஆவேசமே நீராகப் பெருகுகிறது. அதனால் எடுத்த நீரிலும் கிருமியைக் காண்பது அரிதாகி, பரீட்சை "இல்லை" என்று பொய் சொல்லும் வாய்ப்பு இருக்கிறது.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு தொல்லையையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். 1936இல் ராஜபாளையம் மில்ஸ் தோன்றியதிலிருந்து இந்த வட்டாரத்தில் நூற்பாலைகள் பெருகின. தறியும் ஆலையும் கலந்த வாழ்க்கையில், மூச்சுத்திணறல் எதுவானாலும் "பஞ்சுத் தூசி" என்று பெயரிட்டு அடக்கிவிடும் பழக்கமும் கூடவே வளர்ந்தது. பஞ்சுத் தூசியால் வரும் நெஞ்சிறுக்கம் மெய்யான வியாதிதான். வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் அது கூடுதலாகத் தெரியும் என்பது அதன் அடையாளம். ஆனால் பஞ்சுத் தூசி இருதய உறையை நனைப்பதில்லை. மாலைதோறும் தலைகாட்டும் காய்ச்சல், இரவில் வியர்வை, சதை கரைதல், படுத்தால் மூச்சு முட்டிச் சுவரில் சாய்ந்தே தூங்குதல், கால் வீக்கம் ஆகிய இவையெல்லாம் தூசிக்குச் சேர்ந்தவையல்ல. ஆலைத் தொழிலாளி ஒருவருக்கு இவை இருக்கும்போது மூச்சுக்குழலை விரிக்கும் மருந்தை மட்டும் மாதக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருப்பது, என் எண்ணத்தில், மன்னிக்கத் தகாத சோம்பல்.

க்ஷயத்துக்கு அடுத்தபடி சொல்லத்தக்கவற்றில், சிறுநீரகம் செயலிழந்து இரத்தத்தில் கழிவுகள் மிகுவதும், நுரையீரல், மார்பகம் ஆகியவற்றின் புற்றும் நிணநீர்ப் புற்றும் முக்கியமானவை. தைராய்டு சுரப்பி சோம்பிப்போனவர்களுக்கு நீர் மிகவும் மெதுவாகச் சேர்வதால் அளவு பெரிதாயினும் அபாயம் குறைவு. லூபஸ் என்னும் நோய் இளம் பெண்களின் மூட்டையும் முகத்தையும் மட்டுமன்றி இவ்வுறையையும் தொடுகிறது. க்ஷயத்துக்குக் கொடுக்கும் ஐசோனியாசிட் மருந்தே அபூர்வமாக லூபஸைப் போன்றதோர் நிலையை உண்டாக்குவது, நோயைத் தீர்க்க வந்தது நோயின் வேஷத்தைப் போட்டுக்கொள்ளும் விநோதம். மாரடைப்புக்குச் சில வாரங்களுக்குப் பின் வரும் உறை அழற்சியை 1956இல் வில்லியம் டிரெஸ்லர் விவரித்தார். டெங்குவிலும் சிறிதளவு நீர் காணப்படுவதுண்டு; பெரும்பாலும் காய்ச்சலோடு அதுவும் போய்விடும்.

அமீபாவைப் பற்றி மட்டும் சற்று நின்று சொல்ல விரும்புகிறேன். அசுத்த நீரால் குடலில் புகும் இந்த ஜந்து கல்லீரலில் சீழ்க்கட்டியை உண்டாக்கும். கட்டி கல்லீரலின் இடப்பாகத்தில் அமைந்துவிட்டால், அதற்கும் இருதய உறைக்கும் நடுவே உதரவிதானம் ஒன்றே தடுப்பு. அது உடைந்தால் சீழ் நேரே உறைக்குள் இறங்கும். அரிதானாலும் கொடியது. கணித மேதை ராமானுஜன் இங்கிலாந்தில் க்ஷயரோகி என்று கருதப்பட்டு ஆரோக்கிய விடுதிகளில் வைக்கப்பட்டதும், 1920இல் சென்னைச் சேத்துப்பட்டில் காலமானதும் நாம் அறிந்தவை. அவருடைய நோய்க்குறிப்புகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்த டி.ஏ.பி. யங் என்பவர், அது க்ஷயமாக இராது, கல்லீரல் அமீபாவாகவே இருந்திருக்கும் என்று 1994இல் வாதித்தார். ராமானுஜனுக்கு இருதய உறையில் நீர் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. க்ஷயத்தைத் தவறவிடுவது எத்தகைய பிழையோ, எதையும் க்ஷயமென்று முத்திரையிடுவதும் அத்தகைய பிழையே என்பதற்கு இதைவிடத் துயரமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இனி, கண்டறியும் மார்க்கம். சந்தையில் பானை வாங்கும் பெண்கள் விரலால் தட்டி, ஒலியைக் கொண்டே விரிசலைக் கண்டுபிடிப்பார்கள். கிராஸ் நகரத்தில் விடுதிக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்த ஆவென்பிருக்கர் என்ற வைத்தியர், தட்டி ஒலிகேட்கும் இந்த முறையை மனித மார்புக்குப் பயன்படுத்தி, 1761இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். உறையில் நீர் மிகுந்தவரின் மார்பைத் தட்டினால் மந்தமான ஒலி பரந்த இடத்தில் கேட்கும். இருதயத் துடிப்போ ஆழத்திலிருந்து வருவது போல் மங்கியிருக்கும். நாடி பார்க்கும் நம் வைத்தியர்களுக்கு இன்னொரு குறி எட்டக்கூடியது. மூச்சை உள்ளிழுக்கும்போது நாடி மெலிந்து, சில சமயம் மறைந்தே போய், மூச்சை விடும்போது மீண்டும் தலைதூக்கும். 1873இல் ஜெர்மானியரான குஸ்மால் இதற்குப் பெயரிட்டார். உள்மூச்சில் இரத்த அழுத்தம் பாதரச அளவில் 10 மில்லிமீட்டருக்கு மேல் இறங்குவதே இன்றைய இலக்கணம். தாழ்ந்த அழுத்தம், புடைத்த கழுத்துச் சிரை, மங்கிய இருதய ஒலி என்ற மூன்றையும் அமெரிக்கரான கிளாட் பெக் 1935இல் சேர்த்து எழுதினார். அம்மூன்றும் ஒருங்கே அமைவது திடீர்த் தேக்கத்தில்தான். க்ஷயத்தைப் போல மெல்ல வருவதில் அழுத்தம் ஓரளவு நன்றாகவே இருந்து, பார்ப்பவரை ஏமாற்றிவிடும்.

எக்ஸ்ரே படத்தில் இருதய நிழல் கூஜாவைப் போல் அடி அகன்று தெரிவது பிரசித்தமே ஆயினும், ஓர் ஆழாக்குக்கு மேல் சேர்ந்த பிறகே அந்த நிழல் வீங்கும். எல்லா ஐயங்களுக்கும் முடிவு கட்டியது, இன்று தாலுகா நகரங்களிலும் "எக்கோ" என்று எல்லோரும் அறிந்துள்ள ஒலியலைப் பரீட்சை. ஸ்வீடனில் லுண்ட் நகரத்து எட்லரும் ஹெர்ட்ஸும் 1953இல் தொடங்கிய முயற்சியை, 1965இல் அமெரிக்காவில் பைகன்பாம் இந்த உறைநீரைக் காண்பதற்கென்றே எடுத்து ஆண்டபோதுதான் அதன் பயனை உலகம் உணர்ந்தது. திரையில் இருதயத்தைச் சுற்றி ஒரு கருந்திட்டு தெரியும். அதன் அகலம் 10 மில்லிமீட்டருக்குள் என்றால் சிறிது, 20 வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரிது. அளவைவிட முக்கியமானது, வலப்பக்கத்து அறைகள் குழிகின்றனவா என்பது. அறிக்கையில் அந்த ஒரு வரி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கவேண்டும்.

குழிவு தெரிந்து, நோயாளியும் தவிக்கிறார் என்றால் தாமதத்துக்கு இடமில்லை. மார்பெலும்பின் நுனிக்குக் கீழிருந்தோ, நீர் அதிகமாகவும் அருகிலும் தெரியும் வேறிடத்திலிருந்தோ, எக்கோவின் வழிகாட்டலில் ஊசியைச் செலுத்தி, அதன் வழியே ஒரு மெல்லிய குழாயை உறைக்குள் விட்டு வடியவிடுகிறார்கள். 1840இல் வியன்னாவில் ஷூ என்பவர் கண்ணை மூடிக்கொண்டு இருட்டில் கைவிடுவது போலச் செய்த காரியம் இது. 1911இல் மார்பான் மார்பெலும்பின் கீழ்வழியை வகுத்தார். ஐம்பது நூறு மில்லிலிட்டர் வெளியேறியவுடனேயே முகத்தில் களை திரும்புவதும், அதுவரை உட்கார்ந்தே இருந்தவர் படுக்கிறேன் என்று கேட்பதும், மருத்துவத் தொழிலில் அடிக்கடி கிடைக்காத திருப்திகளில் ஒன்று. குழாய் செருகிய இடத்தை மூடும் மெல்லிய துணி ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டித் தறியில் நெய்யப்பட்டதாகவும் இருக்கக்கூடும். கட்டுத்துணி நெசவுக்கு அவ்வூர் பேர்போனது. ஊசி வைக்கும்வரை சிரை வழியாக நீரேற்றிக் காப்பாற்றலாமே தவிர, நீர் பிரிக்கும் மருந்து கூடாது என்று தொடக்கத்தில் சொன்னதன் காரணம் இப்போது விளங்கும்: வெளியழுத்தத்தை எதிர்த்து இருதயத்தை ஓரளவேனும் நிரப்பிக்கொண்டிருப்பது சிரைகளில் உள்ள அழுத்தமே, அதையும் வடித்துவிட்டால் மிச்சம் ஒன்றுமில்லை. சீழாக இருந்தால் ஊசி போதாது, அறுத்துக் கழுவ வேண்டும். மகாதமனி பிளந்து இரத்தம் கசிந்திருந்தால் அறுவை மேசையே புகலிடம். புற்றினால் திரும்பத் திரும்பத் தேங்குமானால் உறையில் ஒரு சாளரம் திறந்து வைப்பதுண்டு.

எடுத்த நீரை வெறுமனே கொட்டிவிடலாகாது. இரத்தநிறம் க்ஷயத்துக்கும் உண்டு, புற்றுக்கும் உண்டு. செல் பரீட்சை, க்ஷயக் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட், வளர்ப்புப் பரீட்சை ஆகியவற்றோடு, அடினோசின் டிஅமினேஸ் என்ற நொதியின் அளவையும் பார்க்க வேண்டும்; அது லிட்டருக்கு 40 அலகு அல்லது அதற்கு மேல் இருந்தால் க்ஷயத்தின் பக்கம் தராசு சாய்கிறது. கருந்திட்டு சிறிதாயிருந்து, நோயாளிக்கு உபத்திரவமும் இல்லாவிடில், ஊசியே தேவையில்லை. மூலகாரணத்துக்கு மருந்து கொடுத்து, எக்கோவைத் திரும்பப் பார்த்துவந்தால் போதும். தைராய்டுக்காரருக்குத் தைராக்சின், சிறுநீரகக்காரருக்குக் கூடுதல் டயாலிசிஸ் என்று அவரவர் காரணத்துக்கேற்ப வழி பிரிகிறது.

க்ஷயமென்று தீர்மானமானால் ஆறு மாத மருந்து. அரசாங்கமே விலையின்றித் தருகிறது. இந்நோய்க்காரரை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று உலகுக்கு நிரூபித்த பெருமை நம் சென்னைக்கு உரியது. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய க்ஷயரோக மருந்துச் சிகிச்சை மையத்தில் வாலஸ் பாக்ஸ் தலைமையில், நுரையீரல் க்ஷயம் கண்ட 193 ஏழை நோயாளிகளை இருகூறாக்கி, ஒருசாராரை ஆரோக்கிய விடுதியிலும் மற்றவரை நெருக்கடி மிகுந்த தம் வீடுகளிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது, வீட்டிலிருந்தோர் ஏறக்குறைய விடுதியினருக்குச் சமமாகவே தேறினர் என்று 1959இல் அறிவிக்கப்பட்டது. ஆயினும் இருதய உறையில் நீர் மிகுந்தவரை அந்தச் சலுகையின் பேரில் மாத்திரைப் பொட்டலத்தோடு உடனே வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. 2022இல் தமிழகம் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோயைக் கண்டறிந்த அன்றே உடல் மெலிவு, கால் வீக்கம், மூச்சின் வேகம், பிராணவாயு அளவு, துணையின்றி நிற்கும் சக்தி ஆகியவற்றைப் பார்த்து, கடுமையானவர்களைப் படுக்கையில் சேர்க்கும் ஏற்பாடு இருப்பது விவேகமானது. கால் வீக்கத்துக்குப் பின்னே சில சமயம் இருதய உறை ஒளிந்திருக்கும்.

அழற்சியைத் தணிக்க ஸ்டீராய்டு கொடுக்கலாமா என்பது நெடுநாள் விவாதம். தென்னாப்பிரிக்கரான போங்கானி மாயோசி தலைமையில் எட்டு ஆப்பிரிக்க நாடுகளில் 1,400 நோயாளிகளிடம் நடந்து 2014இல் வெளியான ஆராய்ச்சியில், மரணம், இருதய நெரிப்பு, பின்னால் சொல்லப்போகும் உறை இறுகல் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கையில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டால் லாபம் காணப்படவில்லை. உறை இறுகுவது மட்டும் நூற்றுக்கு 7.8இலிருந்து 4.4ஆகக் குறைந்தது, எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் புற்று அதிகரித்தது. ஆகவே எச்.ஐ.வி. இல்லாதவருக்கு, இறுகலைத் தடுக்கும் நோக்கத்தோடு கொடுப்பது நியாயம்; எல்லோருக்கும் கண்மூடிக் கொடுப்பது நியாயமன்று.

வைரஸ் அழற்சியின் கதை வேறு. அதற்கு ஆஸ்பிரின் வகை மருந்தோடு கால்சிசின் சேர்த்தால் நோய் மீள்வது பாதிக்கும் கீழாகக் குறைகிறது என்பதை இத்தாலியரான இமாசியோ 2013இல் காட்டினார். இந்தக் கால்சிசின் நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருப்பதும், மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கங்களில் விதைக்காகவே அது பயிரிடப்பட்டு ஏற்றுமதியாவதும் பலர் அறியாதவை. மருந்தளவு அரை மில்லிகிராம். கிழங்கைத் தின்றவர்களின் முடிவையும் தமிழக ஆஸ்பத்திரிகள் நன்கு அறியும் என்பதால், மலரின் பெருமையைக் கேட்டு வேலியோரத்தில் தோண்டப் புறப்படவேண்டாம்.

கடைசியாக, நீர் வற்றியபின் வரும் சங்கடம். க்ஷயத்தால் புண்பட்ட உறை சிலருக்குத் தடித்து, சுண்ணமும் படிந்து, ஓடுபோல் இருதயத்தைக் கவ்விக்கொள்கிறது. வயிறு பானைபோல் பெருத்து, கால் வீங்கி வரும் இவருக்கு ஊரார் மகோதரம் என்று பெயரிடுவார்கள். ஈரலுக்கு மருந்து, உப்பில்லாப் பத்தியம் என்று ஆண்டுகள் கழியும். குடிப்பழக்கமும் இருந்துவிட்டால் யாருக்கும் ஐயமே எழாது. ஆனால் ஈரல் நோயில் கழுத்துச் சிரை பொதுவாக இப்படிப் புடைக்காது. இவருக்கோ புடைத்து நிற்பதோடு, மூச்சை இழுக்கும்போது தாழ வேண்டிய சிரை மேலும் எழும்புகிறது. இதையும் எழுதி வைத்தவர் அந்தக் குஸ்மாலே. இந்த நிலைக்கு மருந்தில்லை. மார்பைத் திறந்து, இறுகிய உறையை இருதயத்திலிருந்து பட்டை பட்டையாக உரித்தெடுக்க வேண்டும். 1940களின் பிற்பகுதியில் ரீவ் பெட்ஸ் என்ற அறுவை வைத்தியர் வேலூரில் மார்பு அறுவைத் துறையை ஏற்படுத்திய காலத்தில் அதற்கு அங்கே போக வேண்டியிருந்தது. இன்று ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரருக்கு ஏறத்தாழ 75 கிலோமீட்டரில் மதுரை இருக்கிறது. 2022 ஜனவரியிலிருந்து விருதுநகரிலும் ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆறு மாத மருந்து முடிந்தவுடன் அட்டையை மூடிவிடாமல், அடுத்த ஓரிரு ஆண்டுகளில் சில தடவையேனும் எக்கோ பார்த்து, அந்த நோயாளியைச் சற்றுச் சாய்வாகப் படுக்கவைத்து, சட்டையின் முதல் பொத்தானைக் கழற்றிக் கழுத்தையும் ஒரு நிமிஷம் பார்த்துவிடுவது, ஓடு முற்றிச் சுண்ணமாவதற்கு முன்பே அவரை அறுவை வைத்தியரிடம் கொண்டுசேர்க்கும்.